ஆசீர்வதிக்காத மணி

ஒவிடியா போய் லியோன்சியாவின் கதவைத் தட்டினாள் என்ற செய்தி, அவள் இரண்டாவது முறை தட்டுவதற்குள் வால்மூரியா ஊரின் கீழ்த்தெரு வரைக்கும் போய்விட்டது. குளிர்காலத்தில் எங்கள் ஊரில் அடுப்பு புகைகிற வீடுகள் குறைவுதான். ஆனால் ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்கிற கண்களுக்குக் குறைவே இல்லை. எதிர்வீட்டுச் சுவர் தெரியாத அந்த மூடுபனியிலும் பார்த்துவிட்டார்கள்.

பார்க்க வேண்டிய காட்சிதான். அந்த இரண்டு பெண்களும் பேசிப் பல வருஷமாகிறது. கோயில் சாவி வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துச் சுற்றிவருவது எங்கள் ஊர் வழக்கம். எமெத்தேரியோ வீட்டு முறை வந்தபோது, அதுவரை வைத்திருந்த லியோன்சியா சாவியைத் தர மாட்டேன் என்றுவிட்டாள். எமெத்தேரியோவின் மனைவி ஒவிடியா, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கஸ்த்ரேஹோ ஊர்க்காரி, அதுதான் குற்றம்.

"அந்த ஊர்க்காரி கையில நம்ம கோயில் சாவியா? காலையில போய்ப் பாத்தா பீடத்தையே தூக்கிட்டுப் போயிருப்பாங்க" என்று பாபிலாஸின் மதுக்கடையில், சீட்டாடுகிறவர்கள் அத்தனை பேரும் கேட்க, சொன்னாள்.

ஒவிடியா மட்டும் லேசுப்பட்டவளா? "இனிமே அந்தக் கோயிலுக்குள்ள நான் கால் வச்சா ஏன்னு கேளுங்க. நான் செத்தாலும் வாசல்லயே வச்சு ஓதி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னதைக் காப்பாற்றவும் செய்தாள். சாவு, கல்யாணம், திருவிழா எதுவானாலும் வெளித் தாழ்வாரத்துத் தூண்களுக்கிடையே குடையும் கையுமாக நிற்பாள். சாவி லியோன்சியாவின் ஏப்ரன் பையிலேயே தங்கிவிட்டது. அடுத்த முறைக்காரர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. லியோன்சியாவிடம் போய்க் கேட்பதைவிடச் சாவி இல்லாமல் இருப்பது சுலபம்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான்தான் அத்தை."

"நான்னா?"

"ஒவிடியா."

"எந்த ஒவிடியா?"

எங்கள் ஊரில் வயதான பெண்கள் எல்லோரும் அத்தைதான், ஆனால் ஒவிடியா ஒரே ஒருத்திதான். அதுவும் லியோன்சியா ஜன்னல் வழியாக முன்பே பார்த்தாகிவிட்டது. வேறொரு நாளாயிருந்தால் ஒவிடியா இதற்குப் பதிலாக அவளுடைய பரம்பரையையே தெருவில் இழுத்துப் போட்டிருப்பாள். அன்று அதற்கெல்லாம் நேரமில்லை.

"எமெத்தேரியோ பொண்டாட்டி அத்தை. அவரைக் காணோம். கதவைத் திறங்க."

கதவு திறந்தது.

பனி விழுவதற்குள் மேய்ச்சல் மேட்டிலிருந்து குதிரைகளை ஓட்டி வருகிறேன் என்று எமெத்தேரியோ காலையில் மேலே போனவன். உச்சிப்பொழுதுக்குள் வந்துவிடுவேன், கொண்டைக்கடலையை அடுப்பிலேயே வை என்று சொல்லியிருந்தான். உச்சிப்பொழுதுக்கு வந்தது மூடுபனிதான். அதற்குப் பிறகு முன்னோடிக் குதிரை மட்டும் தனியாக இறங்கி வந்து தொழுவத்து வாசலில் நின்றது. கழுத்துக் கயிறு அறுந்து தொங்கியது. உடம்பெல்லாம் வியர்வை. மனிதனுடைய கைப்பேசியோ சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு கிடந்தது. எடுத்துக்கொண்டு போனால் தேய்ந்துவிடும் என்பது அவன் கட்சி.

காவல் நிலையத்துக்கு ஃபோன் போட்டாள். மூடுபனி விலகினால்தான் ஹெலிகாப்டர் கிளம்பும், நடந்து வருகிறவர்களும் விடிந்த பிறகுதான் ஏற முடியும் என்றார்கள். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. விடியும்வரை அந்த மேட்டில் ஈர உடுப்போடு கிடந்தால் மனிதன் என்ன ஆவான் என்று ஒவிடியா அவர்களைக் கேட்கவில்லை. அவளுக்கே தெரியும்.

மிச்சமிருந்தது ஒரே வழி. மலையில் யாராவது வழி தப்பினால் எங்கள் பக்கத்து ஊர்களில் கோயில் மணியை அடிப்பார்கள். நாலைந்து அடி அடித்துவிட்டு நிறுத்த வேண்டும். விசுவாசப் பிரமாணம் என்கிற ஜெபத்தை ஒரு தடவை சொல்கிற நேரம் மூச்சுக் காட்டாமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும். மேலே இருப்பவன் ஓசை வரும் திசையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவான்.

"மணியா? நடக்காது" என்றாள் லியோன்சியா. "ஞாயித்துக்கிழமை பிஷப் ஆளு வந்து ஆசீர்வாதம் பண்றவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு சாமியார் சொல்லிட்டுப் போயிருக்கார். துணி சுத்தி வச்சிருக்கு. ஆசீர்வதிக்காத மணி, ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளை மாதிரிடி. அதை வேலை வாங்கலாமா?"

இந்த மணியின் கதையையும் சொல்லிவிட வேண்டும். உயிரோடிருக்கிற எவருக்கும் நினைவு தெரிந்த நாளிலிருந்து அது விரிசல் விட்ட மணி. அடித்தால் சளி பிடித்த கிழவன் தொண்டையைச் செருமுவது போலிருக்கும். 'கரகரத்தவள்' என்றுதான் அதற்குப் பெயர். லியோன்சியா வீடு வீடாகப் பணம் கேட்டு நச்சரித்ததில், வசந்தகாலத்தில் அதை இறக்கி, ஜெர்மனிக்கு அனுப்பி, விரிசலைப் பற்றவைத்து, அந்த வாரம்தான் திரும்ப ஏற்றியிருந்தார்கள். புதுக் குரலை எவரும் இன்னும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காகப் பாபிலாஸ் ஆட்டுக்குட்டிகூடச் சொல்லி வைத்திருந்தான்.

"அத்தை, உங்க கால்ல விழறேன்" என்று ஒவிடியா நிஜமாகவே மண்டியிட்டாள்.

எதிர்ச் சாரி ஜன்னலில் ஒரு திரை ஆடியது. லியோன்சியா இந்தக் காட்சிக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அது கைக்குக் கிடைத்தபோது அவள் முகம் என்னவோ போலாகிவிட்டது.

"எழுந்திருடி. இப்பதான் தரையைத் துடைச்சேன்" என்று ஏப்ரன் பையைத் தடவினாள். "சாவியை உன்கிட்ட குடுக்க மாட்டேன். நானே வர்றேன். நடையைக் கட்டு."

வழியில் பாபிலாஸும் சேர்ந்துகொண்டான். கடையை அப்படியே விட்டுவிட்டு, அவன் பின்னால் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களும் வந்தார்கள். நல்ல சீட்டு வைத்திருந்தவன் மட்டும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

கோயில் கதவு முனகிக்கொண்டு திறந்தது. வாசற்படியில் ஒவிடியாவின் கால் ஒரு கணம் நின்றது. "என்னடி, தாம்பாளம் எடுத்து அழைக்கணுமா?" என்றாள் லியோன்சியா. ஒவிடியா உள்ளே போனாள்.

பழுதுபார்க்க வந்தவர்கள் மணியோடு நிறுத்தவில்லை. உள்சுவரில் தலைமுறை தலைமுறையாகப் பூசிய சுண்ணாம்பையும் சுரண்டி எடுத்திருந்தார்கள். நன்றாகச் சுட்ட ரொட்டியின் மேலோட்டைப் போன்ற நிறத்தில் வெறும் கல். ஒன்றன்பின் ஒன்றாக வட்ட வளைவுகள் பீடத்தை நோக்கித் தாழ்ந்து போயின. கடைசியில், ஒரு கத்தி நுழைகிற அகலத்தில் சின்ன ஜன்னல். அதன் வழியாகச் சாம்பல் வெளிச்சம் கொஞ்சம்போல வந்து, பீடத்தின்மேல் சத்தமில்லாமல் படுத்திருந்தது. மெழுகும் ஈரமும் எலியும் கலந்த வாசம்.

பாபிலாஸ் சுழல்படியில் மூச்சிரைக்க ஏறி மணியின் துணியை அவிழ்த்தான். கீழே லியோன்சியா கயிற்றைக் கைக்குட்டையால் துடைத்து, சிலுவை போட்டுவிட்டு, ஒவிடியாவின் கையில் கொடுத்தாள்.

ஒவிடியா இழுத்தாள்.

அப்படியொரு ஓசை எங்கள் கோயிலிலிருந்து வருமென்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. தெளிவாக, உயரமாக, பிசிறில்லாமல் வந்தது. சீட்டாட வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். லியோன்சியா வாயைப் பொத்திக்கொண்டாள், கண் நிறைந்துவிட்டது. அந்த நிமிஷத்துக்கு, எதற்காக வந்தோம் என்பதே அவளுக்கு மறந்து போயிற்று என்றுகூடச் சொல்லலாம்.

"கேட்டீங்களாடா? வெள்ளி! சுத்த வெள்ளி!" என்றாள்.

"ஷ்ஷ்" என்றாள் ஒவிடியா. "இப்ப நிறுத்திக் கேக்கணும்."

லியோன்சியா விசுவாசப் பிரமாணத்தை முணுமுணுக்கத் தொடங்கினாள். திருவிழாப் பூசையில் அதைக் குதிரை ஓட்டத்தில் சொல்லி முடிக்கிறவள் அவள். அன்று ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டில் வைத்துப் பார்த்து இறக்கினாள். வேறு சத்தமில்லை. ஓசை கல்லுக்குள் போய், இன்னும் கொஞ்சம் உள்ளே போய், அடங்கியது.

அந்த அமைதியில்தான் ஒவிடியா கோயிலைப் பார்த்தாள். பார்க்க நினைக்கவில்லை, கண் எங்கேயாவது இருந்தாக வேண்டுமே. தூண் தலையில் சிங்கங்களுக்கு நடுவே தீர்க்கதரிசி தானியேல் உட்கார்ந்திருந்தார். செதுக்கியவன் சிங்கத்தைக் கண்டதே இல்லை போல. ஆட்டுக்காவல் நாயின் முகத்தை வைத்து, கழுத்தைச் சுற்றிச் சுருட்டைமுடி போட்டு விட்டிருந்தான். ஒரு சிங்கம் தானியேலின் பாதத்தை நக்கியது. எதிர்த் தூணில் இரண்டு பறவைகள் கழுத்தைப் பின்னிக்கொண்டு ஒரே கிண்ணத்தில் நீர் குடித்தன. எதிலும் அவசரமில்லை. யாரும் யாரையும் தேடவில்லை. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு அழகாக இருக்க இந்த இடத்துக்கு இன்றைக்கென்ன வந்தது? அந்த அமைதி எவ்வளவு அழகோ அவ்வளவும் எமெத்தேரியோவின் குரல் அதில் இல்லாததால்தான்.

ஆமென். பதிலில்லை.

மறுபடி அடித்தாள். மறுபடி அமைதி. ஒருவன் தும்மலை அடக்கப் பார்த்து முடியாமல் தும்மினான். அவனை எல்லோரும் கொலைகாரனைப் போலப் பார்த்தார்கள். பதிலில்லை.

மறுபடி அடித்தாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்தாள். ஓசையின் வால் தூண்களைச் சுற்றி மெல்ல மெல்லத் தேய்ந்தது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு வேறொன்று வந்தது: கம்பளிப் போர்வை, அப்பாவின் பூட்ஸ் சத்தம், பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்கிற பயம். இந்த ஓசைக்குத்தான் அவள் சின்ன வயதில் தினமும் எழுந்தாள். இங்கே இல்லை. கஸ்த்ரேஹோவில்.

கயிற்றைக் கையை விட்டு உதறினாள்.

"இது எங்க ஊரு மணி."

"என்னது?" என்றாள் லியோன்சியா.

"குரல், அத்தை. கஸ்த்ரேஹோ மணிக் குரல் இது. அப்படியே அச்சு."

"ஆரம்பிச்சுட்டியா? இந்த நேரத்துலயும் உன் ஊர்ப் பெருமையா?"

"ரெண்டையும் வார்த்தவன் ஒரே ஆளு இல்லையா? ஒரே கோடையில ரெண்டு ஊருக்கும் வந்து வார்த்தான்னு நீங்கதான சொல்வீங்க?"

சொல்வாள்தான். முதலில் வார்த்தது எங்களுடையது, மிச்ச வெண்கலத்தில்தான் கஸ்த்ரேஹோவுக்கு என்று சேர்த்தே சொல்வாள். அக்காவும் தங்கையுமாகப் பிறந்த மணிகள். ஒன்றுக்குத் தொண்டை கட்டிப்போனதால் அந்த உறவு ஊருக்கு மறந்திருந்தது. ஜெர்மனிக்காரன் தொண்டையைச் சரிபண்ணி அனுப்பிவிட்டான்.

"சரி, ஒரே மாதிரிதான் இருந்துட்டுப் போகட்டுமே" என்றான் பாபிலாஸ் படியிலிருந்து எட்டிப் பார்த்து. "இப்ப அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? அவருக்கு நம்ம மணின்னா கரகரப்புதான். இந்தக் குரல்ல நம்ம மணியை அவர் கேட்டதே இல்ல. கஸ்த்ரேஹோவுல யாரையோ காணோம், அடிக்கிறாங்கன்னு நினைப்பார். மணி அந்தப் பக்கம்னா வீடு இந்தப் பக்கம்னு திரும்பி, முதுகைக் காட்டிட்டு நடப்பார்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நமக்கு முதுகைக் காட்டி நடந்தா எங்க போவார்? சொல்லுங்க. எங்க?"

ஓநாய்ப் பாறைக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மேய்ச்சல் மேடு அங்கே போய்ச் சட்டென்று முடியும். அதற்குக் கீழே ஆறுதான்.

"மூணு தடவை அடிச்சோம்" என்றாள் ஒவிடியா. "மூணு தடவை அவரைப் பிடிச்சுத் தள்ளியிருக்கோம்."

"அடிக்கிறதை நிறுத்திட்டா?" என்றான் ஒருவன்.

"நின்ன இடத்துலயே விறைச்சுச் சாவான்" என்றான் பாபிலாஸ். பிறகுதான் யார் முன்னால் பேசுகிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்ல ஒவிடியா, நான் என்ன சொல்ல வந்தேன்னா... என் டிராக்டர்ல சங்கிலி இருக்கு. மரம் இழுக்கிறது. அதை மணி மேல சுத்தி, விளிம்புல உரசற மாதிரி தொங்கவிட்டா, நல்ல குரல் கெட்டுப்போகும்ல?"

எல்லோரும் லியோன்சியாவைப் பார்த்தார்கள். பற்றவைத்த இடம் சங்கிலி அடியில் பிளந்தாலும் பிளக்கும். அது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் புதுச் சால்வையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டி வைத்திருந்ததும் தெரியும்.

லியோன்சியா பீடத்தைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், ஒவிடியாவைப் பார்த்தாள். "சங்கிலியைக் கழுவிட்டாவது கொண்டா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வேண்டாம். ஓடு. அப்படியே கொண்டா" என்றாள்.

சங்கிலி வந்தது. பாபிலாஸும் இன்னொருவனும் மேலே ஏறிச் சுற்றினார்கள். ஒவிடியா இழுத்தாள். வெள்ளியில் கொஞ்சம் தகரம் கலந்தது போலிருந்தது.

"பத்தாது!" என்று லியோன்சியா சுழல்படியின் அடியில் நின்று கத்தினாள். "இன்னும் அழகா இருக்கு! ரெண்டு சுத்து சுத்துடா!"

மறுபடி.

"ம்ஹும். இது அண்டா. நம்மளது அண்டா இல்ல. எங்க அப்பன் சாவுக்கு அடிச்சது, என் புருஷன் சாவுக்கு அடிச்சது, எனக்குத் தெரியாதா? இருமற மாதிரி இருக்கணும். ஆத்துப்பக்கம் கொஞ்சம் தாழ விடு. இன்னும். இன்னும் மோசமாக்குடா, கழுதை!"

அந்த வயதில் அவ்வளவு சத்தம் போட்டு அவள் நல்ல ஓசையைக் கெடுத்ததைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த இழுப்பில் மணி செருமியது. பழைய கரகரப்பு, அதே அசிங்கம்.

"அதான்" என்றாள் லியோன்சியா. மெதுவாகச் சொன்னாள்.

அடித்தார்கள், நிறுத்தினார்கள், காது கொடுத்தார்கள். ஜன்னல் வெளிச்சம் பீடத்தைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. தானியேலின் முகம் மறைந்து சிங்கங்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் போயின. ஒவிடியாவின் உள்ளங்கை கொப்புளித்து உடைந்து கயிறு பிசுபிசுத்தது. ஒருவன் மாற்றிக்கொள்கிறேன் என்று வந்தான். "கையை எடு" என்றாள். அவன் எடுத்துவிட்டான். எமெத்தேரியோ பாறைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும், முதல் மணிக்கே திரும்பியிருந்தால் இந்நேரம் எங்கிருப்பான் என்று மனசு விடாமல் கணக்குப் போட்டது. போதும் என்று சொன்னாலும் கேட்கவில்லை. ஒவ்வொரு விசுவாசப் பிரமாணத்திலும் 'பாதாளத்தில் இறங்கினார்' என்ற இடம் வரும்போது லியோன்சியாவின் குரல் இறங்கி, அதை வேகமாகத் தாண்டிப் போயிற்று. ஒவிடியா கவனித்தாள்.

எத்தனையாவது அமைதி என்று தெரியாது. ஏதோ கேட்டது.

"குருவி" என்றான் ஒருவன்.

"மூடு" என்றாள் லியோன்சியா.

விசில். இரண்டு விரலை வாயில் வைத்துக் குதிரைக்குக் கொடுக்கிற விசில். மெலிந்து, நடுவில் அறுந்து, மறுபடி வந்தது. அவன் வழக்கமாக இறங்கி வருகிற பாதையிலிருந்து இல்லை. ஓநாய்ப் பாறைப் பக்கத்திலிருந்து.

பாபிலாஸ் நாயையும் விளக்குகளையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஆட்களோடு கிளம்பினான். ஒவிடியாவும் கிளம்பினாள். லியோன்சியா அவள் கையைப் பிடித்தாள்.

"நீ எங்க போற? போறவங்களுக்கும் வழி தெரிய வேண்டாமா? மணி நின்னா அவங்களும் தொலைவாங்க. இழு."

இழுத்தாள். அதற்கப்புறம் விசில் வரவே இல்லை. ஒரு அமைதியிலும் வரவில்லை. வெளியே முழுக்க இருட்டிவிட்டது. லியோன்சியா ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தித் தரையில் வைத்தாள். வட்ட வளைவுகள் அந்தச் சின்ன வெளிச்சத்தில் மறுபடியும் எழுந்து நின்றன. அவள் குரல் தேய்ந்து, விசுவாசப் பிரமாணம் வெறும் உதட்டசைவாகிவிட்டது.

கடைசியில் காலடிச் சத்தம் கேட்டது. நாலைந்து பேர், மெதுவாக, ஒரே தாளத்தில். எதையோ தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் நடை. பேச்சில்லை. பாபிலாஸ் பேசாமல் வந்து எவரும் பார்த்ததில்லை.

ஒவிடியா அடிப்பதை நிறுத்தவில்லை.

"வந்துட்டாங்கடி. நிறுத்து."

இழுத்தாள்.

"ஒவிடியா. நிறுத்திக் கேளு."

"கேக்க மாட்டேன்." இழுத்தாள். "நிறுத்தினா தெரிஞ்சுடும். நீங்க போய்ப் பாருங்க. நான் மாட்டேன். நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

லியோன்சியா வந்து, அந்தக் கிழட்டு உடம்போடு கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒவிடியா ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். கிழவியும் கூடவே கொஞ்சம் எழும்பினாள். அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. மேலே சங்கிலி ஒருமுறை உரசி அடங்கியது.

ஓசை கல்லுக்குள் போயிற்று. முழு அமைதி. இரண்டு பெண்களும் ஒரே கயிற்றைப் பிடித்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். வெளியே காலடிகள் தாழ்வாரத்துத் தூண்களிடம் வந்து நின்றன. எதையோ கல்மேல் இறக்கி வைத்தார்கள்.

அப்போது ஓர் இருமல் கேட்டது. அடிநெஞ்சிலிருந்து புரண்டு வருகிற, புகையிலை ஊறிய, கேட்கச் சகிக்காத இருமல். படுக்கையில் பக்கத்தில் கேட்டால் ஒவிடியா முழங்கையால் ஒரு இடி இடிப்பாள்.

"மாதாவே" என்றாள் லியோன்சியா.

ஒவிடியா கதவுவரைக்கும் போனாள். அதற்கு மேல் கால் வரவில்லை. அங்கேயே, கதவோரத்து உள்தூணின் அடியில், குளிர்ந்த கல்லில் உட்கார்ந்து, வெளியே ஒருவன் "கால் ஒடஞ்சிருக்கு, கதவை நல்லாத் திறங்க, உள்ளதான் காத்து இல்லாம இருக்கும்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திறக்கக் கையைத் தூக்கினாள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது. அது அப்போதுதான் வலித்தது.